சாவி யாரிடம்?

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் நிற்கும் ஒரு பீரோ. சாவி தமிழம்மாவிடம். அவருக்கோ நாள் முழுக்க வகுப்பு, போதாததற்கு எமிஸ் எனும் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு. ஒரு புத்தகம் காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பிறகு எப்படித் திறப்பார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகம் வேண்டும் என்கிறது. அதே அட்டவணையில் ஓவியம், உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. நூலகர் என்ற பேச்சே இல்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூலக மானியம் ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய். புத்தகம் வாங்கலாம், ஆள் வைக்க முடியாது. நாம் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரியும் பொது நூலகங்களுக்குத்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் நூலகர் பணியிடம் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.