அன்பே கல்விப் பயன்

கல்வி நூலாற் பெருகுவதெனினும், நிலைபெறுவது அன்பினாலேயாம். இதற்குத் திருவாவடுதுறை யாதீன மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) வரலாறே சான்று.

பிள்ளையவர்கள் தலபுராணங்கள் பல பாடினார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டிலெழுதுவர். ஆதலின் நூலியற்றுங் காலமே பாடங்கேட்குங் காலமுமாயிற்று. பொருள் வேண்டாது கற்பித்தார்கள். சாதி சமயம் பற்றி எவரையும் விலக்கினாரல்லர். கிறிஸ்தவராகிய வேதநாயகம் பிள்ளைமீது குளத்தூர்க் கோவை பாடியதும் அச்சைவச் செந்நாவே. எனினும் இறுதிவரை கடன் அவர்களை விட்டொழிந்ததில்லை.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர்கள் உயிர் பிரியுங்கால், தாங்கிய மார்பு கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையினது. திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதிய நா அந்தண மாணாக்கராகிய சாமிநாதையரது. உலக வழக்கு வெவ்வேறாக நிறுத்திய இருவரை ஒரு படுக்கையருகே கூட்டுவித்தது யாது? ஆசிரியரது அன்பன்றோ!

அப்புராணங்களை முற்றப் பயில்வார் இந்நாளிற் சிலரே. ஆயினும், ஐயரவர்கள் தம் முதுமையில், 1933, 1934-ஆம் ஆண்டுகளில், இருபாகமாக வெளியிட்ட சரித்திரத்தால் ஆசிரியர் இன்றும் நம்மிடையே உலவுகின்றார். ஆசிரியர் பொருளீட்டாது விட்ட குறையை மாணாக்கர் நன்றி நிரப்பிற்று.

மெய்யன்பர் கூட்டுறவை வற்புறுத்துவது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம். அதனைப் பொருள்விரித்துப் போதித்தல் எளிது; அன்பினால் ஒருவரைத் தம்பால் ஈர்த்தல் அரிது. ஆதலின் சைவங் கற்பிக்கப் புகுவோர், வாயிலில் வந்து நிற்பானை இன்னானென வினவுமுன், திருவாவடுதுறையில் நிகழ்ந்த அவ்விறுதிக் காட்சியைச் சிறிது சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்.