திரையில் ஒரு பாரம்

செம்பூர் சேடா நகரில் எங்கள் சொசைட்டியின் மெயின்டனன்ஸ் பில் இன்றும் ஓர் எக்செல் மாக்ரோவில்தான் தயாராகிறது. நான் செயலாளராக இருந்தபோது எழுதியது. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் லேப்டாப்போடு வந்து நின்றான்.

"மாமா, ஓகே அழுத்தினாலும் பாரம் போகவே மாட்டேங்குது."

எங்கள் ஆபீசிலும் ஃபாரத்தைப் பாரம் என்றுதான் சொல்வோம். பொருத்தமான பெயர்.

1993-இல் எக்செல் 5 வந்தபோது இப்படி மாதமும் தொகையும் அடிக்கும் பாரத்துக்கு டயலாக் ஷீட் என்று தனித்தாள் இருந்தது. யூசர்ஃபார்ம் எக்செல் 97-இல் வந்தது. அது வந்த நாளிலிருந்தே இந்தப் புகாரையும் கேட்டு வருகிறேன். பையன் பட்டனின் முதல் வரியிலேயே ஸ்கிரீன் அப்டேட்டிங்கை நிறுத்தியிருந்தான், வேகம் வேண்டுமாம். பாரம் என்னவோ போய்விட்டது. அது நின்ற இடத்தை மறுபடி வரையத்தான் ஆளில்லை. திரையில் தெரிந்தது வெறும் நிழல். முதலில் பாரத்தை அனுப்பிவிட்டு, ஒரு டூஈவென்ட்ஸ் வரி போட்டு, அப்புறம் திரையை நிறுத்தச் சொன்னேன். நிழல் போயிற்று.

ஆனால் அடுத்த கோளாறு உள்ளே உட்கார்ந்திருந்தது. அவன் எழுதியிருந்தது 'ஹைட்'. ஹைட் என்றால் பாரம் கண்ணுக்குத் தெரியாது, நினைவகத்தில் அப்படியே இருக்கும். ஃபைலை மூடாமல் மறுபடி கூப்பிட்டால், முன்பு அடித்த தண்ணீர்க் கட்டணத்தோடு எழுந்து வரும். நானே ஒருமுறை இப்படிப் பழைய தொகையில் பில் அடித்து, மூன்றாவது மாடி மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அப்போ அன்லோட் போட்டுடறேன்" என்றான். அவசரக்காரன். போட்டான், எல்லா பில்லிலும் கட்டணம் காலி. அன்லோட் ஆகி நினைவகத்திலிருந்தே போன பாரத்தின் பெயரைப் பின்னால் வரும் ஒரு வரி சொன்னால் போதும், எக்செல் சத்தமில்லாமல் புதிதாக ஒரு பாரத்தை ஏற்றிவிடும். அது பிறந்த குழந்தை மாதிரி. அதற்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு தப்பையும் நான் அண்ணனிடம் செய்திருக்கிறேன். அம்பாசமுத்திரம் வீட்டுப் பாகப்பிரிவினையில் மனஸ்தாபம். பல வருஷம் அதைப் பற்றிப் பேசாமல், கல்யாணங்களில் சிரித்துக்கொண்டு இருந்தோம். தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மாட்டுங்காவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் யாரோ அந்த வீட்டுப் பேச்சை எடுக்க, கூரை மாற்ற நான் அனுப்பிய பணம் பைசா சுத்தமாக என் வாயில் வந்தது. அதோடு போக்குவரத்தையே அறுத்துக்கொண்டேன். பிறகு பேரன் ஒருநாள், "கொள்ளுத் தாத்தா எப்படிப் பேசுவார்?" என்று கேட்டான். அப்பா போனபோது எனக்கு நாலு வயது. அவரை அறிந்தவர் அண்ணன் ஒருவர்தான். பேரனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பையனுக்கு வரிசையைச் சொல்லிக்கொடுத்தேன். பட்டன் ஹைட் மட்டும் செய்யட்டும். 'ஷோ' வரியில் காத்து நிற்கும் மாக்ரோ அப்போது மேலே நகரும். அது மாதத்தையும் தொகையையும் வேரியபிளில் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கின பிறகு அன்லோட். நாலே வரி. பில்கள் சரியாக வந்தன. மூன்றாவது மாடிப் பில்லை மட்டும் நானே எடுத்து இரண்டு தடவை பார்த்தேன்.

பொங்கலன்று அண்ணனுக்குப் போன் போட்டிருந்தேன். வீட்டுப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. "அப்பா எப்படிண்ணா பேசுவார்?" என்றேன். முக்கால் மணி நேரம் சொன்னார். நடுவில் அப்பா மாதிரியே ஒருமுறை இருமிக் காட்டினார். பேரன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தான்.