அழுகையல்லாத கண்ணீர்

டொராண்டோவில் நாம் கழிக்கும் ஆறாவது குளிர்காலம் இது. நவம்பரில் வீட்டின் ஹீட்டர் இயங்கத் தொடங்கியதும் கண்களில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் தொடங்கிவிடும். மதரஸாவிலோ சூடான காற்று வரும் துவாரம் நமது இருக்கைக்கு நேர் மேலே.

சென்ற ஆண்டு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கையில் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இறையச்சத்தால் உஸ்தாத் அழுகிறார் என்று அவர்கள் வீட்டில் சொல்ல, பெற்றோர் சிலர் துஆச் செய்யக் கேட்டு வந்தனர். இல்லாத சிறப்பை ஏற்றுக்கொண்டு மௌனமாக இருப்பது முகஸ்துதியன்றோ? மறுநாளே வகுப்பில் உண்மையைச் சொன்னோம். கண் மருத்துவரிடமும் சென்றோம்.

வறண்ட கண்ணே எரிச்சல் தாளாமல் நீரைக் கொட்டும் என்றார் அவர். குளிர்ந்த வெளிக்காற்றில் ஈரம் குறைவு. அதைச் சூடேற்றினால் ஈரப்பதம் இன்னும் தாழ்கிறது. நமது அறையில் கருவி 20 விழுக்காடே காட்டியது. உற்று வாசிக்கையில் இமைப்பதும் குறைகிறதாம். (முஸ்ஹஃபில் ஆழ்ந்தபின் இமைக்கும் நினைவு யாருக்கு வரும்!) பதனப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீர்த் துளிகள், இமைகள்மீது வெதுவெதுப்பான ஈரத்துணி, அறையில் ஈரப்பதமூட்டி, இவ்வளவே மருத்துவம். ஊரிலிருந்து வந்த சுர்மாவையும் நிறுத்தச் சொன்னார்; கடைச் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருக்கிறது. வாப்பா காலந்தொட்டு வெள்ளிதோறும் இட்டுவந்தது. அதை விடுவது மட்டும் எளிதாக இல்லை.

இப்போது இருக்கையை மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு ருகூவு முடிவிலும் கண்களைச் சற்று மூடித் திறக்கிறோம். நேற்று ஒரு சிறுவன், “உஸ்தாத், நீங்கள் இப்போதெல்லாம் அழுவதே இல்லையே” என்று குறைப்பட்டுக்கொண்டான்.