கூடுதுறையும் ஜமுக்காளமும்

எங்கள் மதரஸாவில் பிள்ளைகள் அமர்ந்து ஓதும் ஜமுக்காளம் நைந்துபோகவே, புதியதொன்று வாங்கிவரும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. கோவைக் கடைவீதியிலேயே வாங்கியிருக்கலாம். ஆயினும், அது நெய்யப்படும் ஊரையே கண்டுவரும் ஆவலில் பவானிக்குப் புறப்பட்டேன்.

ஈரோடு வரை ரயில். அங்கிருந்து பேருந்தில் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பவானியாறு காவிரியோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் இது. பாலத்தைக் கடந்தால் அக்கரையில் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். ஆறுகள் கலக்குமிடத்தைக் கூடுதுறை என்பர். படித்துறையை ஒட்டிச் சங்கமேசுவரர் ஆலயம் உயர்ந்து நிற்கிறது. ஆடிப் பெருக்கன்று இங்கே கூட்டம் அலைமோதும்.

இவ்வாலயத்தில் தந்தக் கட்டில் ஒன்று உண்டு. 1804-இல் அதனை அளித்தவர் கோவை மாவட்டக் கலெக்டராயிருந்த வில்லியம் காரோ என்னும் ஆங்கிலேயர். மழையிரவொன்றில் ஒரு சிறுமி அவரை மாளிகையைவிட்டு வெளியே அழைத்துவர, மறுகணமே மாளிகை இடிந்து விழுந்ததாகவும், உயிர் தப்பிய நன்றிக்கு அவர் இக்கட்டிலை அளித்ததாகவும் ஊரார் கூறுவர். வேற்றுச் சமயத்தவர் தந்த பொருளை இரு நூற்றாண்டுகளாகப் பேணிவரும் பண்பு போற்றத்தக்கது.

கூடுதுறைக்குச் சற்று முன்பாகப் பவானியின் குறுக்கே காலிங்கராயன் அணைக்கட்டு உள்ளது. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இதிலிருந்து பிரியும் வாய்க்கால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து சென்று நொய்யலை அடைகிறது. தன்னலத்திற்காக வெட்டினான் என்ற பழிச்சொல் எழாதிருக்க, தன் மரபினர் இந்நீரைப் பயன்படுத்தலாகாது என்று காலிங்கராயன் உறுதி பூண்டதாகச் செவிவழிச் செய்தி. அத்தகைய நீரில் ஈரோட்டுப் பகுதியின் சாயக்கழிவும் தோல் ஆலைக் கழிவும் கலந்துவந்தன என்பதை எண்ணுகையில் நெஞ்சம் வேதனையுறுகிறது.

இறுதியாகத் தறிக்கூடம் சென்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீமைத் துணியின் போட்டிக்கு ஈடுகொடுக்க இங்குள்ள ஜங்கமர் என்னும் நெசவாளர் முரட்டுப் பருத்தி நூலில் வண்ணப்பட்டைகளோடு ஜமுக்காளம் நெய்யலாயினர். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமுக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. பின்னர்ப் புவிசார் குறியீடும் கிட்டியது. எனினும் விசைத்தறிப் போலிகள் மலிவாக விற்கின்றன.

தறியிலிருந்த முதியவரிடம், “பிள்ளைகளும் இத்தொழிலில்தானா?” என வினவினேன். “இல்லீங்க பாய். பையன் கம்பெனி வேலைக்குப் போயிட்டானுங்க. எங்க கை ஓயுற வரைக்கும் இந்தத் தறி ஓடுமுங்க,” என்றார். பேரம் பேச மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

அன்பர்களே! நிக்காஹ் சபையிலும் மௌலிது மஜ்லிஸிலும் நாம் விரித்து அமர்வது ஜமுக்காளமே. அடுத்தமுறை வாங்குகையில், “இது கைத்தறியா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாய்ப்பிருந்தால் பவானிக்கே சென்று, நெய்தவர் கையிலேயே விலையைக் கொடுத்து வாருங்கள்.