குடிச்சா அடிப்பாரு

“குடிச்சா அடிப்பாரு மேம்” என்றாள்.

லஸ் முனையருகே ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்த வழக்கறிஞர் அலுவலகம். அவள் என் பழைய மாணவி. இப்போது தி. நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். “துணைக்கு வாங்க மேம்” என்று கேட்டதால் போயிருந்தேன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல, இளம் ஜூனியர் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘ஹி யூஸ்டு டு பீட் மீ’ என்றிருந்தது.

“இப்ப அடிக்கிறதில்லைன்னு ஆயிடாதா?” என்று கேட்டேன்.

சென்னையில் நாம் பேசும் ஆங்கிலத்தில் ‘ஹி யூஸ்டு கம் டெய்லி’ என்றால் அவர் தினமும் வருவார், இன்றைக்கும் வருவார். ஆங்கில இலக்கணப்படியோ அது முன்பு இருந்து நின்றுபோன பழக்கம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். ‘வில் பீட்’ என்று மாற்றினால் இனிமேல்தான் அடிக்கப்போகிறான் என்று படிக்கலாம். ‘ஆல்வேஸ்’ சேர்க்கலாமா என்றேன். சீனியர் அம்மா தலையை ஆட்டினார். “வேண்டாம் மேடம். கல்யாணத்தன்னிக்கும் அடிச்சாரான்னு கேப்பாங்க. ஒருநாள் அடிக்கலைன்னு காட்டிட்டா மொத்தமும் பொய்யாயிடும்.”

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் ஓர் அட்டவணை எழுதிப் போடுவார்கள். ஆல்வேஸ் நூற்றுக்கு 100, நெவர் 0, நடுவில் யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ். ஆனால் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அப்படி எண்ணிப் பேசுவதில்லை. ‘யூ ஆர் ஆல்வேஸ் லேட்’ என்பவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொல்வதில்லை. எத்தனை தடவை என்பதற்கான சொல்லைக் கொண்டு, தான் எவ்வளவு உறுதியாக இருக்கிறேன் என்பதைச் சொல்கிறார். நம் வீடுகளிலும் அப்படித்தான். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று மாமியார் சொன்னால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. மருமகள் சொல்லும் ‘எப்பவும்’ மட்டும்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கிறது.

அவளோ ‘எப்பவும்’ என்றுகூடச் சொல்லவில்லை. ‘அடிப்பாரு’ என்றாள். தமிழில் எதிர்காலத்துக்கும் வழக்கத்துக்கும் வினை வடிவம் ஒன்றே. இதுவரை பலமுறை நடந்தது, இன்றிரவும் நடக்கும் என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. பைக்கின் ஸ்டாண்டைப் போடும் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த அறிவு நம் இலக்கணத்துக்கு அந்நியமல்ல. ஒரு காலத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொரு காலம் வரலாம் என்று சொல்லும் நன்னூல், அதற்குக் காரணங்களாக விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றை அடுக்குகிறது. அடிக்கடி நிகழ்வதும் ஐயமில்லாமல் தெரிவதும் இயற்கையாக அமைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எறும்பு முட்டையோடு மேட்டில் ஏறினால் மழை ‘பெய்தது’ என்றே சொல்லலாம் என்பது உரைகள் காட்டும் உதாரணம். கள்வர் நடமாடும் காட்டுக்குள் போகிறவன் ஆடையைப் ‘பறிகொடுத்தான்’ என்பது இன்னொன்று. போவதற்கு முன்பே பறிகொடுத்தாயிற்று.

இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்துகிறேன். அன்று அந்த மாடியில்தான் ஒன்று உறைத்தது. அந்தக் காட்டு வாக்கியத்தில் கள்வன் இல்லை. போனவனும் காடும் மட்டுமே இருக்கிறார்கள். ‘அந்த நேரத்துல போனா அப்படித்தான் ஆகும்’ என்று நம்மிடம் சொல்லும்போதும் செய்தவன் வாக்கியத்தில் இருப்பதில்லை. ‘குடிச்சா அடிப்பாரு’ என்பதில் அவன் இருக்கிறான், ஆனால் மழையைப் போல இருக்கிறான். மேகம் கறுத்தால் பெய்யும், குடித்தால் அடிப்பார். மிகுதி தெளிவாகி, தெளிவு இயல்பாகிவிட்டது. இயல்பின் மேல் யார் புகார் கொடுப்பது?

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு விதிகள் வந்தன. அவற்றிலுள்ள முதல் படிவம் வன்முறை நடந்த தேதி, இடம், நேரம் கேட்கிறது. ஜூனியர் அதைக் கேட்டதும் அவள் விழித்தாள். “தேதியெல்லாம் யாரு மேம் குறிச்சு வெச்சாங்க?” எனக்கும் கோபம் வந்தது. வலித்தவளிடமே நாட்குறிப்பும் கேட்பார்களா?

ஆனால் அவளிடம் வேறொரு நாட்காட்டி இருந்தது. “அறுபத்து மூவர் அன்னிக்கு. கபாலி கோயில்கிட்ட கூட்டத்துல மாட்டி வீட்டுக்கு வர லேட்டாயிடுச்சு.” “பாப்பாவ ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கு. ஃபீஸ் கட்டின ரசீது இருக்கு.” “மிக்ஜாம் புயலன்னிக்கு. கரண்ட் இல்ல. தெருவெல்லாம் தண்ணி, பக்கத்து வீட்டுக்கும் ஓட முடியல.” புயலின் தேதி ஜூனியருக்கே தெரிந்திருந்தது. 2023 டிசம்பர் 4.

சீனியர் அம்மா சொன்னார்: “அவர் பதில் மனுவுல ‘ஒருநாளும் கை ஓங்கினதில்ல’ன்னுதான் போடுவார். எல்லாரும் அதைத்தான் போடுவாங்க. அதை உடைக்க ஒரு தேதி போதும்.” அவளுடைய ‘எப்பவும்’ உடைய ஒருநாள் போதும் என்றால், அவனுடைய ‘ஒருநாளும்’ உடையவும் ஒருநாள் போதும்.

ஜூனியர் திருத்தியதைத் தமிழில் அவளுக்குப் படித்துச் சொன்னேன். இந்தத் தேதியில், அடையாறு வீட்டில், இரவு இத்தனை மணிக்கு, அடித்தார். அவள் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடிப்பார் என்பதில் இருந்த பொறுமை அதில் இல்லை.

“மத்த நாளெல்லாம் மேம்?” என்று கேட்டாள்.

நான் ஜூனியரைப் பார்த்தேன். அவர் யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இவை தவிரவும் பல நாட்கள், இன்றுவரை தொடர்கிறது.