சென்சாரின் மௌனம் நலத்தின் சான்றல்ல



சர்க்கரை நோயாளிகள் நோன்பு நோற்கும் இல்லங்கள் சிலவற்றில் இன்று புதிய காவலன் ஒன்று வந்திருக்கிறது. மேல்கையில் ஒட்டப்படும் அச்சிறு வட்டச் சென்சார், தோலுக்கடியிலுள்ள திசுநீரின் சர்க்கரையை அளந்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிச் செயலிக்கு அனுப்புகிறது. அளவு குறைந்தால் செயலி ஒலிக்கும். ஒலிக்காதவரை எல்லாம் நலமே என நாம் நிம்மதி கொள்கிறோம். அந்நிம்மதி சரிதானா?

சென்ற ஷவ்வாலில், துறையூர்ப் பக்கமுள்ள புளியஞ்சோலைக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். ஷவ்வால் நோன்பு நோற்றிருந்த பெரியத்தா, கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் ஓடையில் கை நனைய அமர்ந்திருந்தார். கைப்பேசி கரையில், பைக்குள் இருந்தது. நெடுநேரம் ஒலியே இல்லை. "பெரியத்தா, உங்க கை நடுங்குதே!" என்று பேத்திதான் முதலில் கண்டாள். விரலில் குத்திப் பார்த்தபோது அளவு 64. செயலியின் திரையிலோ 'சமிக்ஞை இல்லை' என்ற வரி மட்டுமே நின்றது.

"மலையடிவாரம், டவர் கிடைக்காது" என்றார் மச்சான். புளூடூத்துக்கு டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், தடையற்ற வெளியில் ஏறத்தாழ 6 முதல் 10 மீட்டர் வரையே எட்டும். நீரும் மனித உடலும் அவ்வலையை உறிஞ்சிக்கொள்ளும். தடை ஓடைநீரில்தான் இருந்தது.

இணைப்பு அறுந்தால் வரிசையாகப் பார்ப்போம். முதலில் கைப்பேசியைச் சென்சாரின் அருகே கொண்டுவந்து சில நிமிடங்கள் காத்திருத்தல். பின்னர் புளூடூத்தை அணைத்து மீண்டும் இயக்குதல். அடுத்து 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதியைச் சரிபார்த்தல். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பிட அனுமதியும் தேவை. பேட்டரி சேமிப்பு முறை செயலியை உறங்கவைத்திருந்தால் அதற்கு விலக்களித்தல். இறுதியாகக் கைப்பேசியை அணைத்து இயக்குதல். செயலியை அவசரப்பட்டு நீக்கலாகாது. அவ்வாறு நீக்கினால் ஓடிக்கொண்டிருக்கும் சென்சாரைச் சில செயலிகள் மீண்டும் ஏற்பதில்லை.

இணைப்பு சீராக இருப்பினும் திசுநீரின் அளவு இரத்தத்தின் அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஆகவே நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் திரையை நம்பாமல் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இதனால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் பரவலான கருத்து. அளவு 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல்.

"மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று பெரியத்தா தயங்கினார். ஃபர்ளான ரமளான் நோன்பையே நோயாளி வேறு நாள்களில் நோற்றுக்கொள்ள அல்பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் அல்லாஹ் சலுகை வழங்கியிருக்கிறான். இதுவோ நஃபில் என்று எடுத்துரைத்தோம். பேரீச்சம்பழமும் சர்க்கரை கலந்த நீரும் அருந்தினார். சிறிது நேரத்தில் நடுக்கம் தணிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

உடல் அமானிதம். அதைக் காக்கக் கருவி துணைசெய்யும், பொறுப்போ நம்முடையது. நோன்பாளியின் முகத்தை அடிக்கடி பார்ப்பதும், குத்திப் பார்க்கும் கருவியைப் பையில் வைத்திருப்பதும், ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசிப்பதும் அப்பொறுப்பில் அடங்கும். அதனை நிறைவேற்றும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.