ஓராண்டு சும்மாவா இருந்தே?

எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வெளியாகும் வாரங்களில் எங்கள் வானொலி நிலையத்துக்கு வரும் குறுஞ்செய்திகள் மாறிவிடும். பாட்டு கேட்பவர்கள் குறைந்து, யோசனை கேட்கும் அம்மாக்கள் கூடிவிடுவார்கள். "பையன் ஒரு வருசம் கழிச்சுப் படிக்கிறேன்னு சொல்றான், விடலாமாம்மா?" என்பது வழக்கமாக வரும் கேள்வி. அண்மையில் ஒரு தாயார் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்: "மக வெளிநாடு போறேங்கிறா. போனா என்ன படிக்கிறதுன்னு தெரிஞ்சிடுமா?"

நிகழ்ச்சியில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு நாற்பது விநாடி கிடைக்கும். அதற்குள் அடுத்த பாடல் தொடங்கிவிடும். இங்கே இடம் இருப்பதால் சொல்கிறேன். தானாகத் தெரிந்துவிடாது, அம்மா. விமானம் ஏறினால் மூளை தெளியும் என்பது விளம்பரக்காரர்கள் சொல்வது. எனக்குக் கிடைத்தது, யாரும் அவசரப்படுத்தாத ஆறு மாதமும் கை நிறைய வேலையும்தான்.

சுங்கைப்பட்டாணியில் அறிவியல் பிரிவில் எஸ்டிபிஎம் எழுதினேன். 2010இல் முடிவு வந்தது. மோசமும் இல்லை, பிரமாதமும் இல்லை. யுபியு விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள் அல்லவா, அப்படி நிரப்பிய கடைசித் தெரிவுதான் எனக்குக் கிடைத்தது: உணவு அறிவியல். வீட்டில் மகிழ்ச்சி. லாரி ஓட்டும் அப்பா, கூட வேலை செய்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கோ, அந்தப் பாடத்தில் நான்கு ஆண்டுகள் என்ன செய்வார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்குக் கல்விக் கடன் எடுக்க மனம் வரவில்லை. இடத்தை ஏற்றுக்கொள்ளாமல் விட்டேன்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை விவரித்தால் இந்தப் பக்கம் போதாது. அத்தை மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பெரியப்பா பேசினார், அது அதைவிடச் சிரமம்.

நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பணம் சேர்த்தேன். மலேசியர்களுக்கு நியூசிலாந்து ஆறு மாத வேலை-விடுமுறை விசா தருகிறது; வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருவர் போய் வந்திருந்தார். அவரிடம் கேட்டு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, 2010 நவம்பர் தொடக்கத்தில் ஹாக்ஸ் பே வட்டாரத்தில் உள்ள ஹேஸ்டிங்ஸ் போய்ச் சேர்ந்தேன். ஆப்பிள் ஊர். முதலில் தோட்டத்தில், ஒரு கொத்தில் நெருக்கமாகப் பிடித்திருக்கும் பிஞ்சுகளில் சிலவற்றைக் கிள்ளிப் போடும் வேலை. மிச்சமிருப்பவை பெரிதாக வளர்வதற்காக அப்படிச் செய்வார்கள். பிப்ரவரியில் ராயல் காலா அறுவடை தொடங்கியதும், பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கூடத்துக்கு மாறினேன்.

அப்போது அங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.75 டாலர். நாற்பது மணி நேர வேலை இருக்கும் வாரத்தில் வரிக்கு முன் 510 டாலர் வரும். தோட்டத்தில் இருந்தபோது மழை பெய்தால் அதுவும் இல்லை. நம் நாட்டில் அன்று குறைந்தபட்சச் சம்பளம் என்ற சட்டமே இல்லை, 2013இல்தான் வந்தது. அதனால் மருந்துக் கடையில் வாங்கியதையும் இதையும் ஒப்பிட்டு முதல் வாரம் முழுக்கத் தலை சுற்றியது. ஒப்பிடுவதை நிறுத்தச் சொன்னது வாடகை.

கூடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் வனுவாத்து நாட்டுப் பெண். பருவ வேலைக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களை அழைத்து வரும் திட்டம் 2007 முதல் அங்கே இருக்கிறது; அப்படி வந்தவர். அவருடைய சம்பளம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாக மாறிக்கொண்டிருந்தது. "நீ எதற்கு வந்தாய்?" என்று கேட்டார். என்ன படிப்பது என்று யோசிக்க வந்தேன் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. இடைவெளி ஆண்டு என்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர் அதை வெறும் ஊர் சுற்றலாக்கிவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அவரைப் பார்த்துத்தான் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், நான் விட்டுவிட்டு வந்த உணவு அறிவியல் அங்கே என் கண்முன் நடந்துகொண்டிருந்தது. தரக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்த பெண் ஒவ்வொரு தொகுதியிலும் சில பழங்களை எடுப்பார். ஒரு கருவியால் அழுத்தி எவ்வளவு உறுதி என்று பார்ப்பார். சாற்றில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை அளவைப் படிப்பார். பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் பூசுவார். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும், அது சர்க்கரையாக மாறிவிட்ட இடம் வெளுப்பாகவே நிற்கும். பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்பது அந்தக் கறையிலேயே தெரியும். எஸ்டிபிஎம் ஆய்வகத்தில் நானும் அயோடின் சொட்டியவள்தான். அதற்கு இப்படி ஒரு பிழைப்பு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

இடைவேளைகளில் போய் நின்று அவரைக் கேள்விகளால் துளைத்தேன். ஒரு நாள் என்னையே வெட்டிப் பார்க்கச் சொன்னார். வெட்டினேன், கறையைப் பார்த்தேன், எண்ணை எழுதினேன். பத்தாவது பழத்தில் கொட்டாவி வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்கு அழைத்தபோது, அந்தக் கறைக் கதையை இருபது நிமிடம் சொன்னேன். அம்மா தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மூன்று மாத விரதத்தை முடித்துக்கொண்ட அத்தையும் பக்கத்து வீட்டு ஆச்சியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அழைத்தவுடன் ஆச்சிதான் முதலில் பேசினார்: "இன்னிக்கு என்ன கதை?"

அடுத்த ஞாயிற்றுக்காக நான் வாரம் முழுவதும் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். கை வலியோடு விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, யாரை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது என்று எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் சம்பளம் தராத நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த வேலை அது.

அதற்காக உடனே "ஊடகவியல்!" என்று குதித்துவிடவில்லை. ஹேஸ்டிங்ஸ் பொது நூலகத்துக் கணினியில் இரண்டு படிப்புகளின் பாடப் பட்டியல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம் உணவு வேதியியல், நுண்ணுயிரியல், பதப்படுத்தும் முறைகள். மறுபக்கம் செய்தி எழுதுதல், ஒலிபரப்பு, தொடர்புக் கோட்பாடுகள், புள்ளிவிவரத்தோடு கூடிய ஆய்வு முறை, ஊடகச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதை ஒரு மழை நாளில் காலை எட்டு மணிக்கு எழுந்து போய்ப் படிப்பேனா?" என்று கேட்டு ஆம், இல்லை போட்டேன். ஊடகத்திலும் இரண்டு 'இல்லை' விழுந்தது. அது எனக்கு நம்பிக்கை தந்தது. எல்லாமே 'ஆம்' என்றால் நான் கனவு காண்கிறேன் என்று பொருள். ஒரு துறையின் பெயரை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது, கடைப் பலகையைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது என்பது போல. இளையவர்கள் என்னிடம் கேட்கும்போது இந்தப் பட்டியலைத்தான் முதலில் போடச் சொல்கிறேன்.

அடுத்தது எங்கே என்ற கேள்வி. நாட்டைப் பிடித்துப்போனவர்களுக்கு அங்கேயே படித்தால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பேருந்தில் வெலிங்டன் போய், கேபிள் காரில் ஏறி, மலைமேல் இருக்கும் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஊடகவியல் அங்கேயும் உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் டாலர். மூன்றாண்டுக்குப் பெருக்கி, தங்கும் செலவைக் கூட்டி, வெள்ளிக்கு மாற்றிப் பார்த்ததும், மலை இறங்க கேபிள் காருக்குக்கூடக் காசு கொடுக்காமல் நடந்தே வந்தேன்.

கட்டணத்தைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. என் கதையைக் கேட்டவர்கள் தமிழில் கேட்டார்கள். தமிழில் பேசி முழுநேரச் சம்பளம் வாங்கும் வானொலி வேலை எங்கே இருக்கிறதோ, அங்கே படிப்பதுதான் கணக்குக்குச் சரி. பினாங்கில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அருகில். வாரா வாரம் அம்மா சமையல். மலாயாப் பல்கலைக்கழகம் தலைநகரில். அதிலிருந்து ஆர்டிஎம்மின் அங்காசாபுரி மிக அருகில். இந்திய ஆய்வியல் துறையும் அதே வளாகத்தில். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தபோது மலாயாவே முதலில் வந்தது.

2011 பிப்ரவரி 22, மதியம் 12.51க்குக் கிறைஸ்ட்சர்ச்சில் நிலநடுக்கம். 185 பேர் இறந்தார்கள். இடிந்து விழுந்த ஒரு கட்டடத்தில் தொலைக்காட்சி நிலையமும், வெளிநாட்டு மாணவர்கள் படித்த மொழிப் பள்ளியும் இருந்தன. நாங்கள் இருந்தது வேறு தீவு. ஆனாலும் கூடத்தில் வேலையை நிறுத்தி வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். ஹேஸ்டிங்ஸும் பக்கத்து நேப்பியரும் 1931இல் நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊர்கள். 256 பேர் இறந்தார்கள். அங்குள்ள பெரியவர்களுக்கு அது வீட்டுக் கதை. ஒருவரும் பேசவில்லை. வானொலிக் குரல் மட்டும் அவசரப்படாமல், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றுதான் வானொலிக்காரியாக முடிவெடுத்தேன் என்றால் மேடையில் கைதட்டு கிடைக்கும். பட்டியல் அதற்கு முன்பே என் பையில் இருந்தது. ஆனால் அப்பாவுக்கு ஏதோ நடந்தது. லாரியில் செய்தி கேட்டுவிட்டு, வழியிலேயே வண்டியை ஓரம் கட்டி அழைத்தார். "அங்கேருந்து எத்தனை மைல்?" என்பதை நான்கு முறை கேட்டார். அதற்கு முந்தைய வாரம், "கல்யாண வீட்டுல பேசறதுக்கு டிகிரி எதுக்கு?" என்று கேட்டிருந்தவர், அதைப் பிறகு கேட்கவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

யுபியுவில் விண்ணப்பிக்க அப்போது பேங்க் சிம்பானான் நேஷனலில் பின் எண் வாங்க வேண்டும். ஹேஸ்டிங்ஸில் பிஎஸ்என்னுக்கு எங்கே போவது? மார்ச் முதல் வாரம் அப்பா அரை நாள் விடுப்பு எடுத்து, வரிசையில் நின்று வாங்கினார். நூலக வாசலில் நின்றபடி நான் எழுதிக்கொள்ள, டெலிவரி ஆர்டர் எண் படிக்கும் அதே குரலில் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். இரண்டு முறை சரிபார்த்தார்.

"முதல்ல என்ன போடுறே?"

"ஊடகம்ப்பா. மலாயா."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. கடைசிக் கட்டத்துலயும் பார்த்துப் போடு. போன தடவை மாதிரி எதையாவது போட்டு வைக்காதே."

எல்லாத் தெரிவுகளையும் போய்ப் படிக்கத் தயாராக இருந்தவற்றால் மட்டுமே நிரப்பினேன். ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பினேன். அந்த ஆண்டின் நடுவில் முடிவு வந்தது; முதல் தெரிவே கிடைத்திருந்தது. செப்டம்பரில் அப்பாவே லாரியில் என்னையும் பெட்டிகளையும் ஏற்றிக் கோலாலம்பூர் வந்தார். ஆப்பிள் பணத்தில் மிஞ்சியது முதல் பருவக் கட்டணத்துக்கும், பழைய மடிக்கணினி ஒன்றுக்கும், ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுக்கும் போதுமானதாக இருந்தது. அந்தக் கருவியில் முதலில் பதிவு செய்தது ஆச்சியை. இரண்டு மணி நேரம் பேசினார், இடையில் என்னைப் பேசவே விடவில்லை.